தாயின் எடை: ஒரு தொடக்க நிலைக் கணக்கு

மாணவர்களே! ஒரு வண்டியின் இறுதித் திசைவேகத்தைக் காண முடுக்கமும் நேரமும் தெரிந்தால் போதுமா? போதாது. தொடக்கத் திசைவேகமும் வேண்டும். குழந்தைப் பேறும் இப்படித்தான். சுமந்த மாதங்களில் தாய் உண்டது மட்டுமன்று, கருவுறுமுன் அவளுடைய எடை என்ன என்பதும் கணக்கில் சேரும்.

எடை போதுமா, மிகுதியா என்று எப்படி அறிவது? எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். 1832-இல் பெல்ஜிய அறிஞர் கெட்லே கண்ட தொடர்பு இதற்கு அடிப்படை. விடை 18.5-க்குக் கீழே என்றால் எடை குறைவு. 25-உம் அதற்கு மேலும் என்றால் மிகுதி.

1.5 மீட்டர் உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்தின் இருமடி 2.25. எடை 36 கிலோ என்றால் விடை 16. 45 கிலோ என்றால் 20. 63 கிலோ என்றால் 28.

முதல் நிலையில் குறைமாதப் பிரசவத்திற்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. மூன்றாம் நிலையில் கர்ப்பகால நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. நீரிழிவு வந்தால், தாயின் இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியே குழந்தையை அடைகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்தால் பிரசவம் கடினமாகும், அறுவை தேவைப்படலாம். இவை வாய்ப்புகளே, எல்லோருக்கும் நேர்வன அல்ல.

அப்படியானால் கருவுற்றபின் நன்றாக உண்டால் சரியாகிவிடாதா? மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. கருவுறுமுன்பிருந்தே பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி தரப்பட்டது. மூன்று மாதமாவது முன்னதாகத் தொடங்கியவர்களின் குழந்தைகள், சாதாரணச் சிற்றுண்டி பெற்றவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. ஆனால் மிகவும் மெலிந்த தாய்மாரிடம் இந்தப் பயன் தென்படவில்லை. வெறுமையாயிருந்த அவர்கள் உடலே அதை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, சேமிப்பு பல ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும். மேலே சொன்ன எல்லைகள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. உங்கள் வயதுக்கு வேறு அட்டவணை உண்டு. மாணவிகளே, காலை உணவைத் தவிர்க்காதீர்கள். மாணவர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.