கட்டடங்களுக்கு ஒரு பொதுமொழி

பத்து மாடிகளையுடைய மருத்துவமனையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கூரைமேல் குளிர்விக்கும் கோபுரங்கள், நிலத்தின் கீழ் நீர்ப்பம்பிகள், மாடிதோறும் குளிர்ந்த வளியை ஊட்டும் விசிறிப் பொறிகள், ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள், நான்கைந்து மின்தூக்கிகள், தீயைக் கண்டறிவிக்கும் கருவிகள், வாயில்களைக் காக்கும் மின்பூட்டுகள், மின்சாரம் அற்றவுடன் தானே இயங்கத் தொடங்கும் மின்பிறப்பாக்கி. இத்தொகுதிகள் ஒவ்வொன்றும் இக்காலத்தில் தனக்கெனச் சிறு கணினியை உடையதாய் வருகின்றது. ஒவ்வொன்றும் தன் கடமையைத் தனித்துச் செய்யுங்காறும் குறையொன்றும் தோன்றாது. ஆனால், மூன்றாம் மாடியில் தீப்பற்றியது எனக் கொள்வோம். அப்பொழுது அம்மாடிக்கு வளியூட்டும் விசிறி நிற்றல் வேண்டும். புகையை வெளியேற்றும் விசிறி ஓடுதல் வேண்டும். மின்தூக்கிகள் நிலத்தளத்துக்கு இறங்குதல் வேண்டும். பூட்டிய வாயில்கள் திறத்தல் வேண்டும். தீயைக் கண்ட கருவி ஒரு நிறுவனத்தாரது, விசிறியை ஆளும் கருவி வேறொருவரது, மின்தூக்கி மூன்றாமவரது. ஒன்றன் சொல்லை மற்றொன்று எவ்வாறு அறியும்? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோரின் வரலாற்றையும், அவர்கள் கண்ட விடையின் அமைப்பையும் ஈண்டு ஆராய்வோம்.

கட்டடத்தின் வெப்பநிலையை மின்கருவி கொண்டு ஆளும் கலை ஒரு கல்விக்கூடத்திலே வளர்ந்தது என்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உவகை தரும் செய்தியாகும். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வைற்வோட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தவர் வாரன் ஜோன்சன். குளிர்காலத்தில் அக்கல்லூரிப் பணியாளர் வகுப்பறைதோறும் சென்று வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிச் சூளையைத் திருத்துதல் வழக்கம். பாடம் நடக்கையில் இவ்வாறு வந்து போவது எத்துணை இடையூறு என்பதை ஆசிரியத் தொழில் புரிந்தோர் அறிவர். அறையின் வெப்பநிலையை மின்சாரத்தின் வழியே சூளையறைக்கு அறிவிக்கும் கருவியொன்றை ஜோன்சன் அமைத்து, 1883-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885-இல் மில்வோக்கி நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஜோன்சன் கொன்ட்றோல்ஸ் எனும் பெருநிறுவனமாய் வளர்ந்தது.

அதன்பின் நெடுங்காலம் பெருங்கட்டடங்களில் ஆட்சி செலுத்தியது அமுக்கிய காற்று. மெல்லிய குழாய்களிற் செல்லும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் முதல் 15 இறாத்தல் வரை ஏறி இறங்கும், அவ்வேற்றத்தாழ்வே செய்தி. அது வால்வைச் சிறிது திறக்கும் அல்லது மூடும். கேட்பதற்கு எளிய முறையெனினும், இதில் அருமையான நன்மையொன்று இருந்தது. காற்றின் அமுக்கம் எவருடைய தனியுடைமையுமன்று. ஆகவே ஒருவர் செய்த வெப்பநிலைக் கருவியோடு மற்றொருவர் செய்த வால்வை இணைத்தல் கூடும்.

கணினி நுட்பம் 1980-களிற் கட்டடங்களுட் பரவலாகப் புகுந்தபோது இந்நன்மை மறைந்தது. கருவிகள் இலக்கங்களாற் பேசத் தொடங்கின. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் செய்தோரின் மொழியை மாத்திரமே பேசிற்று. அம்மொழியின் இலக்கணமோ வணிக இரகசியம். ஒரு நிறுவனத்தாரிடம் ஆளுகைத் தொகுதியை வாங்கிய கட்டடத்துக்குரியவர், பின்னர் புதிய மாடியொன்றைக் கட்டினாலும், பழுதுற்ற உணரியொன்றை மாற்றினாலும், அந்நிறுவனத்தாரிடமே செல்லல் வேண்டும். அவர் கூறும் விலையே விலை. பல காலங்களிற் பல கட்டடங்களை எழுப்பும் பல்கலைக்கழகங்களுக்கு இது பெருந்துன்பமாயிற்று. ஒரே வளாகத்தில் ஐந்தாறு மொழிகள். ஒவ்வொன்றையும் கண்காணிக்க ஒவ்வொரு கணினித்திரை!

எனவே இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் பல்கலைக்கழகமொன்றிலிருந்து வந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவின் வெப்பமூட்டல், குளிரேற்றல், வளிச்சீராக்கல் பொறியியலாளர் சங்கமாகிய ‘ஆஷ்ரே’, கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் நியூமன் என்பாரின் தலைமையில் குழுவொன்றை நியமித்தது. அக்குழு 1987 யூன் மாதத்தில் நாஷ்வில் நகரில் முதன்முறை கூடிற்று. கருவி செய்வோரும், அவற்றை வாங்குவோரும் ஒரே மேசையில் அமர்ந்து எட்டாண்டுகள் வாதிட்டதன் பயனாக, 1995-இல் 135 என்னும் இலக்கமுடைய நியமம் வெளியாயிற்று. அதன் பெயர் ‘பக்நெற்’. கட்டடத் தன்னியக்க ஆளுகை வலையமைப்பு என்பது அப்பெயரின் விரிவு. சான் பிரான்சிஸ்கோ நகரின் 450 கோல்டன் கேற் அவெனியூவில் உள்ள கூட்டாட்சி அரசின் பெருங்கட்டடமே இந்நியமம் பேரளவிற் சோதிக்கப்பட்ட முதற்களம். 2003-இல் இது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். கம்பி பொதுவாதல் வேறு. மொழி பொதுவாதல் வேறு. யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் யப்பானியர் ஒருவரும் ஒரே தொலைபேசித் தொடர்பில் இருப்பினும், பொதுமொழி இன்றேல் இருவரும் ஒலியையே கேட்பர். இன்று ‘எல்லாக் கருவிகளையும் ஒரே வலையில் இணைத்துத் தருகின்றோம்’ என விளம்பரஞ் செய்வோர் பலர் கம்பியை மட்டுமே கருதிப் பேசுகின்றனர். பக்நெற் நியமமோ கம்பியைப் பற்றி அதிகம் பிடிவாதங் கொள்வதில்லை. அலுவலகக் கணினிகளை இணைக்கும் அதே வடத்திலும் அது செல்லும். மலிவான முறுக்கிய இரட்டைக் கம்பியிலும் செல்லும். இரட்டைக் கம்பியிற் செல்லும்போது, பேசும் உரிமை என்னும் அடையாளம் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குக் கைம்மாறிச் சுற்றிவரும். அஃது எக்கருவியிடம் உள்ளதோ அதுவே தானாகப் பேச்சைத் தொடங்கலாம். நம் சங்கக் கூட்டங்களில் இம்முறை இல்லாமை வருந்தத்தக்கது.

இனி மொழியின் அமைப்பைப் பார்ப்போம். வெப்பநிலை உணரியொன்று ‘27’ என்று மட்டும் கூறினால், அது செல்சியஸ் பாகையா, ஈரப்பதனின் நூற்றுவீதமா, எந்த அறைக்குரியது, நம்பத்தக்கதா என்பன அறியக்கிடையா. ஆதலின் பக்நெற் மொழியில் ஒவ்வோர் உணரியும், ஒவ்வோர் ஆளியும், ஒவ்வொரு நேர அட்டவணையும் ஒரு ‘பொருளாக’ வரையறுக்கப்பட்டுள்ளது. பொருளொன்றுக்குப் பெயர், இலக்கம், இப்போதைய பெறுமானம், அப்பெறுமானத்தின் அலகு, பழுது உண்டா இல்லையா என்னும் நிலை முதலிய பண்புகள் உண்டு. உணரியின் கம்பி அறுந்திருந்தால் பெறுமானத்தை நம்பலாகாது என்பதையும் அப்பொருளே அறிவிக்க வல்லது. 1995-இல் 18 வகைப் பொருள்கள் வரையறுக்கப்பட்டன. பின்னர் அத்தொகை 60-க்கு மேற்பட்டு வளர்ந்துள்ளது. தமிழிற் பொருள் என்னும் சொல் வஸ்துவையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அந்நியமத்தை எழுதியோருக்கு இவ்வசதி வாய்க்கவில்லை. எனினும் அவர்கள் செய்தது வஸ்துவோடு கருத்தைப் பிணைத்ததேயாகும்.

பொருள்களுக்கிடையே நிகழும் உரையாடலும் எளியதே. புதிதாய் இணைந்த கணினியொன்று ‘யார் உளர்?’ என வலையெங்கும் வினவும். கேட்ட கருவிகள் ‘யான் உளேன்’ எனத் தத்தம் இலக்கத்துடன் விடையளிக்கும். பின்னர் ஒரு பண்பைப் படித்துச் சொல்லுமாறு கேட்கலாம், எழுதுமாறு கட்டளையிடலாம். நொடிக்கொருமுறை வினவிக்கொண்டிராது, ‘அரைப் பாகை மாறினால் மாத்திரம் எனக்கு அறிவி’ என முன்கூட்டியே சொல்லிவைத்தலும் கூடும். அறையின் வெப்பநிலை விரைந்து மாறும் இயல்பினதன்று. ஆதலால் மிக விரைவில்லாத கம்பியும் இப்பணிக்குப் போதியது.

இந்நியமத்தில் ஆழ்ந்து கற்கத்தக்க பகுதி கட்டளைகளின் முதன்மை ஒழுங்காகும். மொழி பொதுவானபின், ஒரு விசிறிக்குப் பலர் கட்டளையிடலாம். நேர அட்டவணை ‘நில்’ என்கிறது. காப்பறையில் இருக்கும் பணியாளர் ‘ஓடு’ என்கிறார். தீயறிவிப்புத் தொகுதி ‘நில்’ என்கிறது. எவர் சொல் செல்லும்? இறுதியாகக் கூறியவரின் சொல்லே செல்லும் என வைத்தால், தீவேளையிற் பணியாளர் தவறுதலாக அழுத்திய பொத்தான் உயிர்களைக் கொள்ளும். ஆதலின் கட்டளை ஏற்கும் பொருள்களுக்குப் பதினாறு படிகள் அமைக்கப்பட்டன. முதலாம் படி உயிர்காப்புக்காக மனிதர் நேரே இடும் கட்டளைக்கு. இரண்டாம் படி உயிர்காப்புக்காகக் கருவி தானே இடும் கட்டளைக்கு. ஐந்தாம் படி இன்றியமையாப் பொறிகளைக் காத்தற்கு. ஆறாம் படி பொறியொன்று அடிக்கடி ஓடி நிற்றலைத் தடுத்தற்கு. எட்டாம் படி சாதாரண பணியாளரின் கட்டளைக்கு. நேர அட்டவணை முதலியன அதற்குக் கீழ்ப்படிகளில் வைக்கப்படுதல் வழக்கம். எண் குறைந்த படியிலுள்ள கட்டளையே செல்லும்.

மேற்படியின் கட்டளை கீழ்ப்படியின் கட்டளையை அழிப்பதில்லை என்பதே இதன் நுட்பம். விடுதியில் மாணவத் தலைவன் ஒன்பது மணிக்கு விளக்கணைக்கச் சொல்கிறான். விடுதி மேலாளர் பரீட்சைக் காலமென்று பத்து மணிவரை எரியவிடுகின்றார். மாணவத் தலைவனின் விதி அழிந்துவிடவில்லை; மேலாளர் தம் சொல்லை விலக்கிக்கொண்ட அன்றே அது மீண்டும் உயிர்பெறும். அவ்வாறே தீ அணைந்து, இரண்டாம் படியின் கட்டளை விலக்கப்பட்டவுடன், விசிறி எட்டாம் படியைப் பார்க்கும். அங்கும் ஒன்றுமில்லையேல் அட்டவணையை அடையும். எப்படியிலும் கட்டளை இல்லாதவிடத்து, முன்னரே குறிக்கப்பட்ட இயல்பு நிலைக்குத் திரும்பும்.

ஆனால் விலக்கிக்கொள்ளுதல் என்னும் இச்செயலை மறப்போர் பலர். வெப்பம் மிக்க ஒரு நாளிற் பணியாளர் எட்டாம் படியில் ‘ஓடு’ என எழுதிவிட்டு வீடு செல்கிறார். அன்றுமுதல் அட்டவணை இரவுதோறும் ‘நில்’ எனக் கூறியும் விசிறி செவிமடாது. எவர்க்கும் பழுதொன்றும் தெரியாது. பொறி நன்றாகவே ஓடுகின்றதன்றோ! மின்சாரப் பட்டியல் மட்டும் ஏறும். பெருங்கட்டடங்களில் வீணாகும் மின்சாரத்தில் ஒரு பங்கு இத்தகைய மறந்த கட்டளைகளால் நேர்வது. 2022-இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நாட்டினராகிய நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மாதமொருமுறை எட்டாம் படியில் எழுதப்பட்டு விலக்கப்படாத கட்டளைகளைத் திரட்டிப் பார்த்தல் செலவில்லாத சிக்கனம்.

இத்துணையும் கூறியபின், தீக்காப்பை முற்றாகப் பொதுவலையின் கையில் ஒப்படைக்கலாமோ எனின், ஆகாது. தீவேளையில் விசிறியை நிறுத்தத் தனிக்கம்பி இடுதலும், பொதுவலைக்குச் செய்தியை மாத்திரம் தெரிவித்தலும் முதிர்ந்த பொறியியலாளரின் வழக்கம். முதலிற் கூறிய மருத்துவமனைக்கும் இதுவே பொருந்தும்.

பக்நெற் ஒன்றே இத்துறையின் மொழியன்று. 1979-இல் தோன்றிய மொட்பஸ் இன்றும் மின்மானிகளிலும் பொறிகளிலும் வழங்குகின்றது. ஐரோப்பிய வீடுகளின் விளக்குகளிலும் திரைகளிலும் கே.என்.எக்ஸ். செல்வாக்குடையது. இவற்றிடையே மொழிபெயர்ப்புக் கருவிகள் உண்டு. எல்லா மொழிபெயர்ப்பையும் போல, அவற்றிலும் சில சிறிது தொலையும். மொட்பஸ் வெறும் எண்ணையே தருமாதலால், அலகையும் பெயரையும் மனிதரே பின்னர் எழுதிச் சேர்த்தல் வேண்டும். அங்கேதான் பிழைகள் புகும்.

பொதுமொழியால் விளைந்த தீங்கும் உண்டு. 1995-இன் நியமத்தை வகுத்தோர் கட்டடத்தின் வலை கட்டடத்துக்குள்ளேயே இருக்குமெனக் கருதினர். வலையிற் புகுந்தவர் எவராயினும் கட்டளையிடலாம் என்ற நிலையே பெரும்பாலும் நிலவிற்று. பின்னர் அவ்வலைகள் இணையத்தோடு தொடுக்கப்பட்டன. 2013-இல் ஆராய்ச்சியாளர் இருவர் சிட்னி நகரில் கூகிள் நிறுவன அலுவலகத்தின் கட்டட ஆளுகைத் தொகுதியுள் இணையம் வழியே புகுந்து காட்டினர். அத்தொகுதி பேசியது எம்மொழியாயினும் வழி இணையமே. 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ராந்தா நகரில், பொய்ச் செய்திகளின் வெள்ளத்தாற் கணினிகள் திரும்பத் திரும்ப மீளத் தொடங்க, இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டல் தடைப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெற் கடைகளில் ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போனமை வளிச்சீராக்கியின் வழியே நடந்ததெனப் பலர் எழுதுவர், அது சரியன்று. குளிரேற்றல் ஒப்பந்தகாரரின் கடவுச்சொல் திருடப்பட்டதே உண்மை. 2019-இல் பக்நெற் நியமத்தோடு சேர்க்கப்பட்ட பாதுகாப்பு முறை, ஒவ்வொரு கருவியும் தன்னை இன்னதென்று சான்றிதழால் நிறுவுதலையும், செய்திகளை மறைகுறியாக்கி அனுப்புதலையும் வேண்டுகின்றது. ஏற்கெனவே சுவரில் உள்ள பழைய கருவிகளுக்கு அது தானே வந்துவிடாது. அவற்றைத் தனி வலையில் வைத்து, இணையத்தின் வாயிலை அடைத்தலே தக்கது.

கல்லூரிக்கோ, கோயிலுக்கோ, மருத்துவமனைக்கோ புதுக் கட்டடம் எழுப்பும் குழுக்களில் நம் பழைய மாணவர் பலர் பணிபுரிகின்றனர். அவர்கள் ஒப்பந்தத்திற் கேட்கவேண்டியவை சிலவே. ‘பக்நெற் உடையது’ என்ற சொல் போதாது; ஒவ்வொரு கருவியும் நியமத்தின் எப்பகுதிகளை ஏற்கின்றது என்னும் எழுத்துச் சான்றைப் பெறுதல் வேண்டும். பொருள்களின் முழுப் பட்டியல், நிகழ்ச்சிநிரல்களின் பிரதி, தலைமைக் கடவுச்சொல் ஆகியன கட்டடத்துக்குரியோரின் கையில் இருத்தல் வேண்டும். இவற்றை ஒப்பந்தகாரர் தம்மிடமே வைத்திருப்பின், பொதுமொழி இருந்தும் பழைய அடிமைத்தனம் நீங்காது. கையளிக்கும் நாளிற் புகையெழுப்பி விசிறிகளைச் சோதிப்பதோடு, நிறுவனத்தார் அருகில் இல்லாத வேளையிற் கட்டடப் பணியாளர் ஒருவரே உட்புகுந்து, விசிறியொன்றை எட்டாம் படியில் நிறுத்தி, பின்னர் அக்கட்டளையை விலக்கிக்கொண்டு, அது அட்டவணைக்குத் திரும்புதலைத் தம் கண்ணாற் கண்டபின் கையொப்பமிடுதல் நன்று.