ஐந்து மணி இருட்டும் நீல ஒளியும்

ஜங்லிகாட்டில் டிசம்பர் மாதத்துக் கதிரவன் மாலை 5 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறான். சென்னையில் அவன் மறைய அதன் பின்னும் ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். அந்தமான் தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் இருக்க, கடிகார நேரமோ இந்தியா முழுமைக்கும் ஒன்றாக இருப்பதால் வந்த வேறுபாடு இது. பள்ளி முடிந்து வீடு திரும்பிச் சிற்றுண்டி உண்டு எழுவதற்குள் இருட்டிவிடுகிறது. விளையாட்டு நின்றுபோகிறது, கைப்பேசி கைக்கு வந்துவிடுகிறது.

முன்பு அதற்கும் ஓர் எல்லை இருந்தது. செயற்கைக்கோள் வழி வந்த இணையம் மெல்ல ஊர்ந்தது. 2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. தமிழ்நாட்டிலுள்ள பாட்டியின் முகத்தைத் திரையில் தெளிவாகக் காண்பது பெரும்பேறுதான். எனினும், இரவு முழுதும் காணொளி பார்க்கவும் அதே வடம் வழிவிட்டது.

திரையின் வெண்மைக்குள் நீலம் மறைந்திருக்கிறது. பல திரைகளின் பின்னே எரியும் எல்.இ.டி. விளக்கு உண்மையில் நீல ஒளியையே உமிழ்கிறது. அதன்மேல் பூசிய ஒளிர்பொருள் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இந்த ஒளி விழித்திரையை அழித்துவிடும் என்று சில விளம்பரங்கள் அச்சுறுத்துகின்றன. பகல் வானம் தரும் நீல ஒளியோ திரை தருவதைவிடப் பன்மடங்கு மிகுதி! நீல ஒளியை வடிகட்டும் மூக்குக்கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளை 2023-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. படகுத்துறையில் உழைத்து ஈட்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடுமுன் கண் மருத்துவரைக் கேட்பது நன்று.

அவ்வாறாயின் கண் எரிவது ஏன்? திரையை உற்று நோக்குபவர் இமைக்க மறக்கிறார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் கண், அப்போது அதில் பாதி அளவே இமைக்கிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்துவிடுகிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 நொடி நோக்குவது கண்ணுக்கு ஓய்வு தரும். துறையில் நிற்கும் மீன்பிடிப் படகுகள் அதற்கு வெகு பொருத்தம்.

நீல ஒளி மெய்யாகவே தொல்லை தருவது உறக்கத்திற்கு. விழித்திரையிலுள்ள சிலவகை உயிரணுக்கள் உருவத்தைக் காண்பதைவிடப் பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டவை. நீல ஒளி படும்போது அவை ‘பகல்’ என்கின்றன. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு தாமதமாகிறது. விளையாட்டுச் செயலிகளின் பரபரப்பும் சேர்ந்துகொண்டால் உறக்கம் மேலும் தள்ளிப்போகும். ஜங்லிகாட்டிலோ ஜூன் மாதத்தில் 5 மணியளவிலேயே விடிந்துவிடுகிறது. நள்ளிரவுவரை திரை பார்த்த மாணவர்க்கு வகுப்பறையில் கண் செருகுவதில் வியப்பென்ன? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுவதே எளிய வழி.

இழந்த மாலை வெயிலை விடியற்காலையில் ஈடுசெய்யலாம். பகல் வெளிச்சத்தில் திறந்தவெளியில் இருப்பது, கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கிறது. தைவான் நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் 120 நிமிடம் மாணவரை வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது.

கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ, படிக்கையில் அடிக்கடி தலை வலித்தாலோ ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உடனே கூற வேண்டும். அது பார்வைக் குறைபாடாக இருக்கலாம். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி அதைத் தீர்க்காது.