லாக்ஸ்டன்: எல்லையைத் தாமே காக்கும் கிராமம்

ஒரு சால் கூடுதலாக உழுவதால் அண்டை நிலத்தாருக்கு என்ன நட்டம் என்று ஒருவர் எண்ணுவதிலிருந்தே கிராமத்து வழக்குகள் பல தொடங்குகின்றன. அவ்வழக்கை ஊரிலேயே தீர்த்துக்கொள்ளும் சிற்றூர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்பது அதன் பெயர்.

முற்காலத்தில் ஆங்கிலேயக் குடியானவரின் நிலம் ஓரிடத்தில் அமைந்ததன்று. ஊரைச் சூழ்ந்த பெரும் வயல்களில் நீண்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. நல்ல மண்ணும் களர் மண்ணும் எல்லார்க்கும் பங்காகக் கிடைத்தன. பின்னர், 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களால் இத்தகைய நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. லாக்ஸ்டனிலோ மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்னும் மூன்றும் இன்றளவும் திறந்த வயல்களாகவே உள்ளன. 1635-ஆம் ஆண்டு வரைந்த படமொன்று அக்காலத்துத் துண்டுகளைக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினர், முறை மாறவில்லை.

ஓராண்டு குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்பது பயிர்ச் சுழற்சி. இக்காலத்தில் தரிசுக்கு ஈடாகத் தீவனப் பயிரும் இடுகின்றனர். முழு வயலுக்கும் ஒரே முறையாதலின், ஒருவர் தவறினால் அனைவர்க்கும் இடையூறு.

ஆகவே ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில், உழவர்களே நடுவர் குழுவாக அமைந்து, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவர். பாதையிலோ பொதுப் புல்தரையிலோ எவரேனும் உழுதிருப்பின், முளையடித்து எல்லையைக் குறிப்பர். அடுத்த வாரம் 'கோர்ட் லீட்' என்னும் ஊர் மன்றம் கூடி, தவறியவர்க்கு அபராதம் விதிக்கும். தொகை சிறிதே. ஆயினும் அயலார் முன்னிலையில் பெயர் படிக்கப்படுவதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

நிலத்தின் உடைமை பலமுறை கைமாறியது. 1952-இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சகம் வாங்கியது. 1981-இல் கிரவுன் எஸ்டேட் ஏற்றது. 2020-இல் பழைய பிரபுவின் குடும்பத்துக்குரிய தோர்ஸ்பி பண்ணையிடம் மீண்டது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும், லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்களித்தது.

சங்கக் கணக்குகளைப் பார்வையிட என் போன்றோர் எப்போதோ வருகிறோம், அன்றே திரும்புகிறோம். எஞ்சிய நாட்களில் சங்கத்தைக் காப்பவர் அங்கத்தினரே. தவணை தவறிய நண்பரின் பெயரைப் பொதுக்கூட்டத்தில் படிக்க நாம் கூசுகிறோம். லாக்ஸ்டன் உழவர் கூசுவதில்லை. ஏனெனில், அடுத்த ஆண்டு அம்முளை தம் நிலத்திலும் அடிக்கப்படலாம் என்பதை அவர்கள் அறிவர்.