தவளை கத்துகிற ஓடையெல்லாம் நல்ல ஓடையா?

நம்பிக்கை: மலைத்தண்ணீரில் அழுக்குச் சேராது.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இரசாயன ஆலைகள் இல்லை என்பது சரி. ஆனால் தேயிலை மலையில் வெட்டியிருக்கும் கான்கள் எல்லாம் கடைசியில் ஓடைக்குத்தான் இறங்குகின்றன. புல்லுக்கு அடித்த மருந்து, யூரியா, மரக்கறித் தோட்டத்து உரம், லயத்துக் கழிவு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டுபோக ஒரு பெருமழை போதும். 2015இல் தடைசெய்த கிளைபொசேட் என்ற புல்மருந்தை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள்.

நம்பிக்கை: மீனும் தவளையும் உயிரோடு இருக்கின்றன, அதனால் தண்ணீரில் விஷமில்லை.

இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். சாகடிக்கும் அளவுக்கு வெகு கீழேயே விஷம் வேலையைத் தொடங்கிவிடும். குளோர்பைரிபொஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்புச் செய்தியை நிறுத்தவேண்டிய நொதியை முடக்குகின்றன. நரம்பு ஓயாமல் துடிக்கும். தலைப்பிரட்டை நேராக நீந்தாது, நிழல் விழுந்தாலும் சட்டென்று விலகாது. மருந்து கொல்லாமல் விட்டதைப் பாம்போ பறவையோ பிடித்துவிடும். செத்துக் கிடப்பதை நாம் பார்க்கவே மாட்டோம்.

நம் மரத்தவளை ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் நுரைக்கூடு கட்டும். பொரிந்த தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே தண்ணீரில் விழும். இந்த இனத்தின் தலைப்பிரட்டைகளை வயலில் பயன்படும் நான்கு மருந்துகளில் வளர்த்துப் பார்த்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல இறந்தன. மீந்தவற்றில் முதுகெலும்பு வளைந்தது, உடல் வீங்கியது. தவளையாக மாறவும் கூடுதல் நாள் எடுத்தன. தண்ணீர் வற்றுமுன் கால் முளைத்துக் கரையேற வேண்டிய உயிருக்கு அந்தத் தாமதமே போதும்.

நம்பிக்கை: காலப்போக்கில் பழகி, பரிணாமம் அடைந்து தப்பித்துக்கொள்ளும்.

ஒரு தவளை தன் ஆயுளில் பரிணாமம் அடையாது. பெரும்பான்மை செத்து, தாங்கும் சிலவற்றின் பிள்ளைகள் பெருகுவதற்குப் பெயர்தான் அது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மாசடைந்த துறைமுகங்களில் வாழும் கில்லி மீன் இப்படித் தப்பியது. மற்ற இடத்து மீன்களைவிட 8,000 மடங்கு வரை விஷம் தாங்கும் கூட்டங்களும் அங்கே இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. பெருங்கூட்டமும் அதற்குள் ஏராளமான மரபணு வேறுபாடும் முன்பே இருந்ததால் அது சாத்தியமானது. இலங்கையின் மலேரியா நுளம்பு டிடிடி பூச்சிமருந்தை வென்றதும் வேகமாய், கோடிக்கணக்கில் பெருகுவதால்தான்.

நம் மலையின் புதர்த்தவளைகளுக்கு அந்த வசதி இல்லை. சில இனங்கள் ஓரிரு மலைகளைத் தாண்டி உலகில் எங்குமே இல்லை. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாத இவற்றில் பல ஈரமண்ணில் முட்டையிடும், முட்டைக்குள்ளேயே குட்டித்தவளையாகும். அதனால் ஓடையை விட்டுத் தள்ளி அடித்தாலும் மருந்து முட்டைமேலேயே விழக்கூடும். இலங்கையில் பத்துக்கு மேற்பட்ட தவளை இனங்கள் ஏற்கெனவே அற்றுப்போயின. காடழிப்பே பெரிய காரணம். எஞ்சியவை தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாய் நிற்கும் காட்டிலும் ஓடைக்கரைப் புதரிலும் ஒதுங்கியிருக்கின்றன. மருந்துத் தாங்கியைப் பீலியடியில் கழுவாமலும் கரைப்புதரை வெட்டாமலும் விட எந்தத் தோட்டத்துக்கும் பெரிய செலவாகாது.