கூட்டம் வேண்டாம், பக்கத்தில் போய்க் கேளுங்கள்

கேள்வி: என் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கூட்டம் போட்டு, "புதுசா ஏதாவது யோசனை சொல்லுங்க" என்றால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்யலாம்? — வாசகர், சுங்கைப் பட்டாணி

பதில்: யோசனை இல்லாமலில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம்தான். அன்று ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார், நிரை பிரித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். எந்த மரத்தில் பட்டை காய்கிறது, எதில் பால் குறைகிறது என்று முதலில் அறிந்தவர் பால்மரம் வெட்டுபவர். அவரை யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது.

ஆனால் தொழிலாளரைத் தேடிப் போனவரும் உண்டு. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலுக்கு விடையாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடமே பேசினார். அவர்கள் பங்குப் பணத்தைக் கொண்டு சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பால்மரம் வெட்டியவரே பங்குதாரர்! அந்நாளில் அதைவிடப் பெரிய புதுமை ஏது?

தொழிற்சாலையிலும் இப்படிக் கேட்கலாம். டொயோட்டா 1951 முதல் ஊழியர்களின் யோசனைகளைக் கேட்டு வாங்குகிறது. நீங்களும் மெஷின் பக்கத்தில் போய் நின்று, "இதுல உங்களுக்கு எது தொல்லை?" என்று கேளுங்கள். சொன்னதை அந்த வாரமே செய்து பாருங்கள். பலிக்காவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். பலித்தால் எல்லார் முன்னும் அவர் பேரைச் சொல்லுங்கள், சன்மானமும் கொடுங்கள்.