எந்த மின்சாரம் நல்ல மின்சாரம்? எடைபோட ஒரு வழிகாட்டி

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை வெயிலில் ஓடிய ஏசிக்கும் மோட்டாருக்கும் போன அந்த மின்சாரம் நெய்வேலிச் சுரங்கம், வடசென்னை அனல்மின் நிலையம், கூடங்குளம் அணு உலை, கமுதி சோலார் பூங்கா, மலை அணைகள் என்று பல இடங்களிலிருந்து கலந்து வந்தது. கம்பியில் ஏறிய பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் இனி எதை வளர்ப்பது, எதைக் குறைப்பது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. வீட்டு மொட்டைமாடியிலும் கிராமசபையிலும் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் அந்த முடிவு நம் முன் வருகிறது.

நிலக்கரி கெட்டது, சோலார் நல்லது என்று முடித்துவிட்டால் தேர்வு எளிது. ஆனால் பெரும்பாலான மின்மூலங்கள் எங்கோ ஓர் ஊரின் நிலத்தையோ நீரையோ கேட்டுத்தான் வாங்குகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு? அது செய்யும் கேட்டைப் பின்னால் சரிசெய்ய முடியுமா? அந்தக் கேடு மின்சாரத்தை அனுபவிப்பவர் மேல் விழுகிறதா, வேறு யார் தலையிலாவது விழுகிறதா?

முதல் கேள்விக்கு எண்களில் பதில் உண்டு. நிலையம் கட்டுவது முதல் கலைப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-இல் தந்த நடுமதிப்புகள் இவை:

- நிலக்கரி: 820 கிராம்
- இயற்கை எரிவாயு: 490 கிராம்
- பெரிய சோலார் பூங்கா: 48 கிராம்
- கூரை சோலார்: 41 கிராம்
- நீர்மின்சாரம்: 24 கிராம்
- அணுமின்சாரம்: 12 கிராம்
- நிலத்தில் நிற்கும் காற்றாலை: 11 கிராம்

மற்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும்

இரவு பகல், மழை வெயில் பாராமல் கிடைப்பது இதன் பலம். விலை சாம்பலில் தெரியும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு முழுவதும் நிலக்கரி மின்சாரமே வந்தால், 140 கிலோ கரி எரிந்து, ஏறத்தாழ 50 கிலோ சாம்பல் மிஞ்சும்.

அது போகும் இடத்தை வடசென்னையின் எண்ணூரில் பார்க்கலாம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கசிந்ததெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. முட்டியளவு நீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களின் விரலில் இன்று சேற்றுக்குப் பதில் சாம்பல் குழைவு ஒட்டுகிறது. ஆற்றின் ஆழம் குறைந்தால் இறால் இல்லை; இறால் இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை.

கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே தரப்பட்டது. அருகில் வாழ்பவர்களின் நுரையீரல்தான் இந்தச் செலவை ஏற்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. அதனால் ஒரு யூனிட்டுக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும், புகையும் கூடுதல். படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே தோண்ட முடியும். 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் ஏறின. விளைநிலம் ஒருமுறை சுரங்கமானால் பழைய மண்ணாகத் திரும்புவதில்லை. மூன்று கேள்விகளிலும் தோற்பது இதுதான்.

இயற்கை எரிவாயு

சாம்பல் இல்லை, புகை குறைவு, நிலையத்தை வேகமாக ஏற்றி இறக்கலாம். மாலை நேரத் தேவையைச் சமாளிக்க உதவும். ஆனால் கசியும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடியது, எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் இடமும் சோறு விளையும் இடமும் ஒன்றாக இருந்ததால்தான். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் குரல் இருக்கிறது.

அணுமின்சாரம்

கரியமில வாயுவில் காற்றாலைக்கு நிகர். கூடங்குளத்தின் இரண்டு உலைகள் தலா 1,000 மெகாவாட். சிறிய இடத்தில் இவ்வளவு மின்சாரத்தை இடைவிடாமல் தருவது வேறெதுவும் இல்லை. இதன் எடையெல்லாம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருளின் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டு நீடிக்கும்; அதை நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இதுவரை அமைக்கப்படவில்லை. குளிர்விக்க எடுத்த கடல்நீர் சூடாகத் திரும்புகிறது. விபத்து அரிது என்றாலும், நடந்தால் திருத்த முடியாதது. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவர்கள் 2011 முதல் கேட்டது இதைத்தான். இருக்கும் உலைகளைக் கண்டிப்பான கண்காணிப்போடு ஓட்டலாம். கழிவுக்கு வழி சொல்லாமல் புதிதாகப் பெருக்குவது பேரப்பிள்ளைகள் மேல் எழுதும் கடன்.

நீர்மின்சாரம்

1930-களில் பைக்காராவும் மேட்டூரும் தமிழகத் தொழில்வளர்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டன. எரிபொருள் செலவில்லை, பொத்தானைத் தட்டியதும் மின்சாரம். ஆனால் அணை கட்டும்போது மூழ்கும் சோலைக்காட்டை மறுபடி நட்டு வளர்த்துவிட முடியாது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணையைக் கைவிட்டு 1984-இல் அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியது இந்தக் கணக்கில்தான். புதிய பெரிய அணை வேண்டாம். பழைய அணைகளைச் சேமிப்புக் கலன்களாக்கலாம். ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் மின்சாரம் உபரியாகும்போது கீழ் அணை நீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்குகிறது. சோலாரும் காற்றும் பெருகப் பெருக இதன் மதிப்பும் கூடும்.

காற்றாலை

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை காற்று விடாமல் வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைக் கோபுரத்தின் அடியில் பனைமரம் நிற்கிறது, ஆடு மேய்கிறது. கோபுரம் பிடிப்பது சில சென்ட் இடம். மற்ற நிலம் விவசாயத்துக்கே மிஞ்சுகிறது. நிலத்தை விவசாயத்தோடு பகிர்ந்துகொள்வதில் காற்றாலையை மிஞ்ச ஆளில்லை. பறவைகளும் வவ்வால்களும் இறக்கையில் அடிபடுவதும், பக்கத்து வீடுகளுக்கு இரைச்சலும், மறுசுழற்சிக்கு அடங்காத கண்ணாடியிழை இறக்கைகளும் இதன் குறைகள். வலசைப் பறவைகளின் பாதையையும் நீர்நிலைகளையும் விட்டு விலகி நிறுவினால் பெருமளவு தவிர்க்கலாம்.

காற்று நன்றாக வீசும் இடங்களில் 1990-களின் 225, 250 கிலோவாட் காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. அப்படிப்பட்ட பத்து செய்யும் வேலையை 2,500 கிலோவாட் காற்றாலை ஒன்றே செய்யும். புதிய நிலத்தைத் தேடும் முன் பழையதை மாற்றுவதே முறை.

சோலார்: பூங்காவா, கூரையா?

2016-இல் தொடங்கிய கமுதி சோலார் பூங்கா 648 மெகாவாட். பிடித்த நிலம் சுமார் 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர். தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதியிருக்கும் நிலம் பல ஊர்களில் மேய்ச்சல் நிலம். வேலி போட்டபின் ஆட்டுக்காரருக்கு வழியில்லை. பலகையைக் கழுவவும் நீர் வேண்டும்.

கூரைக்கு இந்த நிலச் சிக்கல் இல்லை. மின்சாரம் உண்டாகும் இடமும் செலவாகும் இடமும் ஒன்று. யார் தலையிலும் சுமை ஏறுவதில்லை. பலகைக் கழிவு மட்டும் கவனிக்க வேண்டியது. 25 ஆண்டு கழித்துக் கழற்றுவதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும்.

உங்களுக்கு எது பொருந்தும்?

*சொந்த வீடு, மாதம் 200 யூனிட்டுக்கு மேல்:* 2 கிலோவாட் கூரை சோலார். நிழல் விழாத 200 சதுர அடி போதும். நாளுக்குச் சராசரி 8 யூனிட் கிடைக்கும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். பேட்டரி இல்லாத இணைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. பேட்டரி வேண்டுமென்றால் ஈய அமில பேட்டரியைவிட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நீடித்து உழைக்கும், ஈயக் கழிவும் இல்லை.

*இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள்:* முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சோலார் போட்ட பணம் மெதுவாகத்தான் திரும்பும். பி.எல்.டி.சி. மின்விசிறி, எல்.இ.டி. விளக்கு, ஐந்து நட்சத்திர பிரிட்ஜ் ஆகியவற்றில் தொடங்குங்கள். செலவாகாத யூனிட்டுக்குச் சாம்பலே இல்லை.

*ஊட்டி, கொடைக்கானல், ஓசூர் போன்ற குளிர் ஊர்கள்:* கீசருக்குப் பதில் சூரிய வெந்நீர்க் கலன்.

*நான்கைந்து மாடு வைத்திருப்பவர்:* சாண எரிவாயுக் கலன். அடுப்பும் எரியும், கழிவு வயலுக்கு உரமாகும்.

*கிணற்றுப் பாசனம்:* சோலார் பம்பு டீசலை நிறுத்தும். ஆனால் செலவில்லாமல் பகலெல்லாம் இறைக்க முடிவதால் நிலத்தடி நீர் இறங்கும். சொட்டுநீர்ப் பாசனத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

ஊருக்குத் திட்டம் வந்தால் கேட்க வேண்டியவை

எவ்வளவு நிலம், அதில் மேய்ச்சலும் நீர்வரத்துக் கால்வாயும் எவ்வளவு? தண்ணீர் எங்கிருந்து? கழிவு எங்கே போகும், குழாய் உடைந்தால் பொறுப்பு யார்? காலம் முடிந்தபின் கலைத்து நிலத்தைத் திருப்பித்தர இப்போதே பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்; காற்றாலைக்காரரிடமும் சோலார்காரரிடமும் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள்.

மொத்தத்தில் என் வரிசை இது: முதலில் சிக்கனம், அடுத்து கூரை சோலார், பிறகு பழைய இடத்திலேயே புதிய காற்றாலை, அவற்றுக்குத் துணையாக நீரேற்றுச் சேமிப்பு. இடம் பார்த்து மட்டும் சோலார் பூங்கா. எரிவாயுவும் அணுவும் இருக்கும் அளவோடு நிற்கட்டும். நிலக்கரி படிப்படியாகக் குறையட்டும், பழுப்பு நிலக்கரிக்குப் புதிய சுரங்கம் வேண்டவே வேண்டாம். நம் வீட்டு வெளிச்சத்துக்கான விலையை எண்ணூர்க்காரரும் வளையமாதேவிக்காரரும் கட்டுவது நியாயமில்லை. அதை நாமே கட்டத் தொடங்க மொட்டைமாடியில் இடம் இருக்கிறது.