கம்ப்யூட்டர் பாகங்களைக் கெடாமல் அனுப்புவது எப்படி?

கண்ணாடிச் சாமான் உடைந்தால் சத்தம் கேட்கும்; சர்க்கரை நனைந்தால் மூட்டையே காட்டிக் கொடுக்கும். மதர்போர்டு, ராம், பிராசசர் போன்றவை நிலைமின்சாரத்தால் கெட்டால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ரிச்சி தெருவில் சரக்கு எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்குத் தகராறு தொடங்குவதே இங்குதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டக் கடைக்காரர் ஒருவர், நான் அனுப்பிய பத்து ராமில் மூன்றைத் திருப்பி அனுப்பினார். "பொருத்தும்போது உங்கள் ஆட்கள் கெடுத்திருப்பார்கள்" என்று சொல்லி மாற்றித் தர மறுத்துவிட்டேன். பதினைந்து வருட வாடிக்கை அன்றோடு போயிற்று. இரண்டு மாதத்தில் வேறு ஊர்களிலிருந்தும் அதே புகார் வந்தபோதுதான் கிட்டங்கியில் போய் நின்று பார்த்தேன். டிரே டிரேயாக வரும் ராமைப் பையன்கள் ஐந்தும் பத்துமாகப் பிரித்து, சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டு, தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே செருகி, செல்லோ டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது.

பிளாஸ்டிக், தெர்மாகோல், டேப் மூன்றுமே உரசினாலோ பிரித்தாலோ நிலைமின்சாரம் உண்டாக்குபவை. நம் உடம்பில் ஏறும் மின்னழுத்தம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரலில் சுருக்கென்று நமக்கு உறைக்கும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். ஆகவே "எனக்கு ஷாக் அடிக்கவில்லையே" என்பது பதிலாகாது. இன்னொரு தொல்லை, அடிபட்ட பாகம் உடனே சாவதில்லை. சோதித்தால் ஓடும், வாடிக்கையாளர் வீட்டில் சில வாரம் கழித்து நிற்கும்.

சென்னைக் காற்றில் ஈரம் உண்டு, நமக்கு இது வராது என்பார்கள். ஈரம் இருந்தால் குறையும் என்பது உண்மை. ஆனால் அடியோடு போய்விடாது. ஏ.சி. அறையில் அந்த ஈரமும் குறைந்துவிடுகிறது.

கவர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரோஸ் நிறக் கவர் தானாக மின்சாரம் உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து பாய்வதை அது தடுக்காது. திருகு, கேபிள் போடலாம். போர்டுக்கும் ராமுக்கும் உலோகப் பூச்சுள்ள வெள்ளிக் கவரே வேண்டும். அதிலும் வாயை மடித்து மூடினால்தான் காப்பு. ஓட்டை விழுந்ததையும் கசங்கிக் கோடு விழுந்ததையும் கழித்துவிடுங்கள். எடுத்த போர்டை அதே கவரின் மேல் வைத்துச் சோதிக்கும் பழக்கம் நம் தெருவில் பரவலாக உண்டு. கவர் காப்பது உள்ளே இருக்கும் பொருளை மட்டுமே. பபிள் ஷீட்டும் தெர்மாகோலும் வெள்ளிக் கவருக்கு வெளியேதான் வரவேண்டும்.

பிரித்துக் கட்டும் மேசையில் நிலைமின் காப்பு ரப்பர் விரிப்பு, கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப், இரண்டுக்கும் எர்த் இணைப்பு வேண்டும். செலவை மிச்சப்படுத்த வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. முறையான ஸ்ட்ராப்பில் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறிக் கரண்டில் கை பட்டாலும் உடம்பில் பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்துவது அதுதான். பழைய கட்டடங்களில் பிளக்கில் எர்த் துளை இருக்கும், உள்ளே கம்பி இராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். என் கடையிலேயே இரண்டு பாயிண்டில் இல்லை!

ராமையும் போர்டையும் ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும்; தங்க நிறப் பட்டைகளில் விரல் படக்கூடாது.

ரிட்டர்ன் சரக்குக்கும் இதே முறைதான். செய்தித்தாளில் சுற்றி வரும் போர்டு, வந்தபோதே கெட்டிருந்ததா, வழியில் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொரு பார்சலிலும் இரண்டு காலி வெள்ளிக் கவர் சேர்த்தே அனுப்புகிறேன். அந்தத் தென்மாவட்டக் கடைக்காரருக்கும் மூன்று புதிய ராமுடன் அப்படியொரு பார்சல் போட்டேன். பெற்றுக்கொண்டார், ஆர்டர் மட்டும் இன்னும் வரவில்லை.